டி-ஷர்ட்டோட க்யூஆர் கோடு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. நீங்க போட்டிருக்கற டி-ஷர்ட்டோட உள்பக்கம் ஒரு லேபிள் தைச்சிருக்கும், அதைப் பாருங்க. என்ன எழுதியிருக்கு? சைஸ், 100 சதவீதம் காட்டன், எப்படித் துவைக்கணும், எந்த நாட்டுல தயாரானது. அவ்வளவுதான். பஞ்சு எந்த ஊர்ல விளைஞ்சது, சாயத் தண்ணி எங்க போச்சு, தைச்சவங்களுக்கு எவ்வளவு கூலி, எதுவும் இருக்காது.

இன்னும் சில வருஷத்துல, ஐரோப்பாவுல விக்கற துணிகளுக்காவது, இது மாறப்போகுது. லேபிள்ல ஒரு க்யூஆர் கோடு மாதிரி ஏதாவது இருக்கும். ஸ்கேன் பண்ணா அந்தத் துணியோட வரலாறு கொஞ்சமாவது தெரியணும். இதுக்குப் பேரு டிஜிட்டல் ப்ராடக்ட் பாஸ்போர்ட்.

பாஸ்போர்ட் கேக்கறது ஐரோப்பா. அதுல எழுத வேண்டிய தகவல் பிறக்கறது நம்ம ஊர்ல. இந்தியாவோட பின்னலாடை ஏற்றுமதியில பாதிக்கு மேல திருப்பூர்ல இருந்துதான் போகுது. 2024-25 நிதியாண்டுல அதோட மதிப்பு சுமார் 40,000 கோடி ரூபாய். அந்தத் தொழில் திருப்பூர் நகரத்தோட நிக்கறதில்ல. பல்லடம், அவினாசி, மங்கலம், பெருமாநல்லூர்னு சுத்துவட்டாரம் முழுக்க விரிஞ்சு கிடக்கு.

அதனால இன்னைக்கு ஒரே ஒரு கேள்வியைப் பிடிச்சுக்கலாம். அந்தக் கோடுக்குள்ள இருக்கற தகவலை எப்போ நம்பலாம்?

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது?

2013 ஏப்ரல் 24. வங்கதேசத்துல டாக்கா பக்கம் சாவர்ங்கற ஊர்ல ராணா பிளாசாங்கற கட்டிடம் இடிஞ்சு விழுந்தது. உள்ள பல கார்மென்ட் கம்பெனிகள். செத்தவங்க 1,134 பேர். பெரும்பாலும் தையல் வேலை பார்த்த பெண்கள்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் உலகத்தை யோசிக்க வெச்சது. அங்க எந்தெந்த பிராண்டுக்குத் துணி தைச்சாங்கன்னு தெரிஞ்சுக்க, இடிபாடுக்குள்ள கிடந்த லேபிளையும் ஆர்டர் பேப்பரையும் தேடி எடுக்க வேண்டியிருந்தது. ஆர்டர் ஒரு கம்பெனிக்குப் போகும், அந்தக் கம்பெனி இன்னொருத்தருக்குக் கொடுக்கும், அவர் இன்னொருத்தருக்கு. கடைசியில எந்தக் கூரைக்கு அடியில வேலை நடக்குதுங்கறது பல பிராண்டுகளுக்கே தெரியாது. சில நேரம் தெரியாம இருக்கறது வசதியாவும் இருந்தது.

சட்டங்கள் மெதுவாத்தான் வந்தது. ஜெர்மனியோட சப்ளை செயின் சட்டம் 2023 ஜனவரி 1-ல அமலுக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தோட எக்கோடிசைன் ஒழுங்குமுறை 2024 ஜூலை 18-ல அமலுக்கு வந்தது. டிஜிட்டல் பாஸ்போர்ட்ங்கற யோசனை இதுக்குள்ளதான் இருக்கு. 2025 ஏப்ரல்ல வெளியான முதல் வேலைத்திட்டத்துல ஜவுளிக்கு முன்னுரிமை கொடுத்திருக்காங்க. துணிகளுக்கான விரிவான விதி 2027-ல எதிர்பார்க்கப்படுது, அதுக்கப்புறமும் தயாராக அவகாசம் உண்டு. கம்பெனிகளோட பொறுப்பு பத்தின இன்னொரு ஐரோப்பியச் சட்டம் 2024-ல வந்து, 2025-லயே தள்ளிவைக்கப்பட்டது. சட்டம் இழுபறியா இருக்கலாம். ஆனா பையர்ஸ் இப்பவே விவரம் கேக்க ஆரம்பிச்சுட்டாங்க.

ஒரு ஆர்டர், பத்துக் கை

திருப்பூர்னா ஒரு பெரிய ஃபேக்டரி, ஒரு பக்கம் பஞ்சு போட்டா மறுபக்கம் டி-ஷர்ட் வரும்னு நிறைய பேர் நினைக்கறாங்க. சில பெரிய குழுமங்கள்ல கிட்டத்தட்ட அப்படி இருக்கு. ஆனா இந்த வட்டாரத்தோட உண்மையான அமைப்பு ஜாப் வொர்க்.

ஒரு டி-ஷர்ட்டோட பயணத்தைப் பாருங்க. பஞ்சு வேற மாநிலத்துல இருந்து ஸ்பின்னிங் மில்லுக்கு வருது. நூல் நிட்டிங் யூனிட்டுக்குப் போய் துணியாகுது. துணி சாயப்பட்டறைக்குப் போகுது. அங்கிருந்து காம்பாக்டிங். அப்புறம் கட்டிங். பிரின்டிங் வேற இடம், எம்பிராய்டரி வேற இடம். தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங். பட்டன், லேபிள், அட்டைப்பெட்டிக்கெல்லாம் தனித்தனி ஆள்.

பல்லடம் பக்கம் போனா இதோட இன்னொரு முகமும் தெரியும். அங்க விசைத்தறி பலமான தொழில். ஹைடெக் வீவிங் பார்க் இருக்கு. நூல் மில்லும் நிட்டிங் யூனிட்டும் இருக்கு. திருப்பூர் ரோட்டுல அருள்புரம் பக்கம் சாயப்பட்டறை, கார்மென்ட் கம்பெனி. ஒரே ரோட்டுல நாலு தொழில், நாலுக்கும் நாப்பது முதலாளி.

இந்த முறையில ஒரு பெரிய பலம் இருக்கு. கொஞ்சம் முதலும் தொழில் அறிவும் இருந்தா ஒருத்தர் நாலு பவர் டேபிள் போட்டு உள்ள வந்துடலாம். நேத்து டைலரா இருந்தவர் இன்னைக்கு யூனிட் நடத்தறது இங்க சாதாரண விஷயம். ஆனா தகவலுக்கு இது பெரிய சவால். ஒவ்வொரு கை மாறும்போதும் கூடப் போறது ஒரு டெலிவரி சலான். அதுல எத்தனை ரோல், எத்தனை கிலோ, என்ன கலர், லாட் நம்பர் என்னன்னு எழுதியிருக்கும். எக்ஸ்போர்ட்டர் ஆபீஸ்ல ஈஆர்பி சாஃப்ட்வேர் ஓடும். நிட்டிங் யூனிட்ல ஒரு நோட்டு, ஒரு வாட்ஸ்அப் குரூப். ரெண்டுக்கும் நடுவுல தகவல் கைமாறும்போதுதான் அறுபடும்.

ஷிப்மென்ட் தேதி நெருங்கிடுச்சு, ஆயிரம் பீஸ் பாக்கின்னு வைங்க. கடைசி நேரத்துல பக்கத்துல ஒரு யூனிட்டுக்குக் கொடுத்து முடிப்பாங்க. அந்த யூனிட்டோட பேர் எந்த சாஃப்ட்வேர்லயும் ஏறாது. 2018-ல இருந்து ஜிஎஸ்டி-ல ஈ-வே பில் இருக்கு. அதனால சரக்கு எந்த வண்டியில, எவ்வளவு மதிப்புக்குப் போகுதுன்னு பல சரக்குக்கு அரசாங்கத்துக்குத் தெரியும். ஆனா அந்தத் துணி எந்தப் பஞ்சு, எந்தச் சாயம்ங்கறது அதோட வேலை இல்ல.

ஒருத்தர் வேணும்னே மறைக்கறதுக்கும் காரணம் உண்டு. நல்ல ஜாப் வொர்க்கர் யாருன்னு வெளிய தெரிஞ்சா பக்கத்துக் கம்பெனி அவரை இழுத்துக்கும். பையருக்குத் தெரிஞ்சா விலையை அடிச்சுக் கேப்பாங்க. இந்த ஊர்ல தொடர்புதான் முதல். அதைத் திறந்து காட்டச் சொன்னா யாரும் சும்மா காட்டிட மாட்டாங்க.

ஒரு கறுப்பு டி-ஷர்ட்டுக்கு எவ்வளவு உப்பு?

இப்போ இந்தச் சங்கிலியில ஒரே ஒரு கண்ணியை மட்டும் எடுத்துக்குவோம். சாயம்.

பருத்தியைத் தண்ணியில போட்டா அதோட மேல்பரப்புல லேசா எதிர்மின்சுமை வரும். ரியாக்டிவ் சாயத்துக்கும் எதிர்மின்சுமைதான். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தள்ளும். அந்தத் தள்ளலைக் குறைச்சு சாயத்தைத் துணிப்பக்கம் அனுப்ப உப்பு போடறாங்க. கறுப்பு, நேவி மாதிரி அடர்த்தியான கலருக்கு லிட்டருக்கு 80 கிராம் வரைக்கும்கூட உப்பு போகும்.

ஒரு மனக்கணக்கு போடலாம். 1 கிலோ துணிக்கு 6 லிட்டர் சாயக் குளியல்னு வெச்சா, 480 கிராம் உப்பு. 1 கிலோ துணியில அஞ்சாறு டி-ஷர்ட் வரும். ஆக ஒரு கறுப்பு டி-ஷர்ட்டுக்கு 80, 90 கிராம் உப்பு. பெரிய கைப்பிடி அளவு.

இந்த உப்பு துணியில தங்காது. வேலையை முடிச்சுட்டு முழுசா தண்ணியோட வெளிய வந்துடும். கழிவுநீர்ல இருக்கற கரிமக் கழிவை பாக்டீரியா வெச்சு குறைக்கலாம், நிறத்தை எடுக்கலாம். உப்பு மட்டும் அப்படியே இருக்கும். தண்ணி பளிச்சுன்னு தெரிஞ்சாலும் வயலுக்குப் பாய்ச்சினா மண்ணு கெட்டுப்போகும்.

நொய்யலுக்கு நடந்தது இதுதான். வெள்ளியங்கிரி மலையில பிறந்து கோவை, திருப்பூர் வழியா ஓடி காவிரியில சேர்ற ஆறு அது. திருப்பூருக்குக் கீழ ஒரத்துப்பாளையத்துல 1990-களோட தொடக்கத்துல பாசனத்துக்காக ஒரு அணை கட்டி முடிச்சாங்க. சில வருஷத்துலயே அதுல தேங்கினது சாயக் கழிவு. தண்ணி கேட்டுக் காத்திருந்த விவசாயிகளே, தயவுசெஞ்சு அந்தத் தண்ணியைத் திறக்காதீங்கன்னு சொல்ற நிலைமை வந்தது. கிணறு உப்பாச்சு, பயிர் கருகுச்சு.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் கோர்ட்டுக்குப் போச்சு. சொட்டுக் கழிவுநீர்கூட வெளிய விடக் கூடாதுன்னு 2006 டிசம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. சாயப்பட்டறைக்காரங்க மேல்முறையீடு போனாங்க. 2009 அக்டோபர்ல உச்ச நீதிமன்றமும் அதை உறுதி பண்ணுச்சு. அப்படியும் மாறலை. 2011 ஜனவரி 28-ல உயர் நீதிமன்றம் எல்லாத்தையும் மூடச் சொல்லிடுச்சு. 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைங்க ஒரே நேரத்துல நின்னது.

துணியை வெளியூருக்கும் வெளி மாநிலத்துக்கும் அனுப்பி சாயம் போட வேண்டியதாச்சு. நிறைய பேருக்கு வேலை போச்சு. சின்ன பட்டறைங்க பல அதோட காணாமப் போச்சு. இந்தப் பக்கம் தொழிலாளி, அந்தப் பக்கம் விவசாயி. ரெண்டு பேரோட வயிறும் ஒரே ஆத்துல மாட்டிக்கிட்ட நேரம் அது.

பூஜ்யக் கழிவுன்னா என்ன?

அதுக்கப்புறம் திருப்பூர் கண்ட வழிக்குப் பேரு ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ், சுருக்கமா இசட்எல்டி. கழிவுநீரை முதல்ல உயிரியல் முறையில சுத்தம் பண்றாங்க. அப்புறம் ஆர்.ஓ. நம்ம வீட்டு ஆர்.ஓ. மாதிரிதான், ஆனா ராட்சச சைஸ். நல்ல தண்ணி ஒரு பக்கம் வந்து திரும்பச் சாயத்துக்கே போயிடும். உப்பு செறிஞ்ச தண்ணி இன்னொரு பக்கம் மிஞ்சும். அதைக் காய்ச்சி ஆவியாக்கி உப்பைத் தனியா எடுக்கணும். செலவு இங்கதான், ஏன்னா தண்ணியைக் காய்ச்ச நிறைய எரிபொருளும் கரன்ட்டும் வேணும்.

இங்க பல்லடம் ரோட்டு அருள்புரத்துக்கு ஒரு முக்கிய இடம் உண்டு. அங்க இருக்கற பொது சுத்திகரிப்பு நிலையத்துல, தமிழ்நாடு வாட்டர் இன்வெஸ்ட்மென்ட் கம்பெனியோட சேர்ந்து ஒரு முறையை நடத்திக் காட்டினாங்க. உப்புத் தண்ணி முழுசையும் காய்ச்சாம, அதையே சுத்தம் பண்ணி சாயக் குளியலுக்குத் திரும்பப் பயன்படுத்தறது. சாயத்துக்கு எப்படியும் உப்புத் தண்ணிதானே வேணும்? காய்ச்சற வேலை குறைஞ்சது, வாங்கற உப்பும் குறைஞ்சது. மத்த நிலையங்களும் இதைப் பின்பற்றினாங்க. இன்னைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 13 கோடி லிட்டர் தண்ணியை மறுபடி பயன்படுத்தறோம்னு ஏற்றுமதியாளர் சங்கம் சொல்லுது.

மீட்டர் சொல்றது, மீட்டர் சொல்லாதது

சரி, இதெல்லாம் நிஜமா தினமும் நடக்குதான்னு யார் பார்க்கறது? இன்ஸ்பெக்டர் வர்ற அன்னைக்கு மட்டும் மெஷின் ஓடினா?

2014 பிப்ரவரியில மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அதிகம் மாசுபடுத்தற தொழிற்சாலைகளுக்கும் பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் ஆன்லைன் கண்காணிப்புக் கருவி கட்டாயம்னு சொல்லுச்சு. இசட்எல்டி இடங்கள்ல ஃப்ளோ மீட்டரும் கேமராவும் வெச்சு, அந்தத் தகவல் நேரா வாரியத்தோட சர்வருக்குப் போகணும். ஆத்தைக் காப்பாத்தற வேலையில இன்டர்நெட் வந்து உக்காந்தது இப்படித்தான்.

ஆனா மீட்டர் தன்னைக் கடந்து போற தண்ணியைத்தான் அளக்கும். குழாய்க்கே வராத தண்ணி அதுக்குத் தெரியாது. அனுமதி இல்லாத சின்ன சாயப்பட்டறையைக் கண்டுபிடிச்சு மின் இணைப்பைத் துண்டிச்ச செய்தி இந்த வட்டாரத்துல இன்னமும் வருது.

க்யூஆர் கோடுக்கும் இதே பிரச்சனைதான். 2020 அக்டோபர்ல காட்ஸ்ங்கற உலக ஆர்கானிக் ஜவுளித் தரச்சான்று அமைப்பு ஒரு மோசடியை வெளிய சொல்லுச்சு. இந்தியாவுல 20,000 டன் பஞ்சை ஆர்கானிக்னு காட்டற போலிச் சான்றிதழ்கள். அதுல க்யூஆர் கோடு இருந்தது. ஸ்கேன் பண்ணா அரசாங்க இணையதளம் மாதிரியே ஒரு பக்கம் திறந்தது. அந்தப் பக்கமே போலி. காகிதத்துல பொய் எழுதினவங்க, ஒரு படி மேல போய் இணையதளத்துல எழுதினாங்க.

அப்போ எதைத்தான் நம்பறது? என்னோட பதில், ஒரு எண்ணை மட்டும் நம்பாதீங்க. வேற வேற ஆளுங்க கையில இருக்கற எண்கள் ஒத்துப்போகுதான்னு பாருங்க.

ஒரு உதாரணம் சொல்றேன். ஒரு சாயப்பட்டறை ஒரு நாளைக்கு 5,000 கிலோ துணிக்குச் சாயம் போடுதுன்னு வைங்க. கிலோவுக்கு 50 லிட்டர் தண்ணின்னா 2.5 லட்சம் லிட்டர் கழிவு வரணும். சுத்திகரிப்பு நிலைய மீட்டர் 1.5 லட்சம்தான் காட்டுதுன்னா, மிச்சம் ஒரு லட்சம் லிட்டர் எங்க? துணியோட எடை எக்ஸ்போர்ட்டர் கணக்குல இருக்கு. வாங்கின உப்பு, கடைக்காரரோட ஜிஎஸ்டி பில்லுல இருக்கு. ஆவியாக்கற மெஷினுக்கு ஆன கரன்ட் மின்வாரியத்துகிட்ட இருக்கு. தண்ணி அளவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துகிட்ட இருக்கு. ஒருத்தர் தன்னோட நோட்டைத் திருத்தலாம். நாலு பேரோட நோட்டையும் ஒரே மாதிரி திருத்தறது ரொம்பக் கஷ்டம்.

டிஜிட்டல் மாற்றத்தோட உண்மையான பயன் இந்த ஒப்பீடுதான்னு நான் நினைக்கறேன். இன்னைக்கு இந்த நாலு கணக்கும் நாலு அலமாரியில இருக்கு.

செலவு யார் தலையில?

கடைசியா, கொஞ்சம் சங்கடமான விஷயம். ஆறேழு மெஷின் வெச்ச ஒரு நிட்டிங் யூனிட். அங்க ஓனரே ஆபரேட்டர், அவரே அக்கவுன்டன்ட், வண்டி வந்தா ரோல் ஏத்தறதும் அவரே. அவர்கிட்ட நாலு எக்ஸ்போர்ட்டர் நாலு விதமான ஃபார்ம் அனுப்பி, நாலு வெப்சைட்ல ஏத்துங்கன்னா என்ன நடக்கும்? ராத்திரி பத்து மணிக்கு ஏதோ ஒரு எண்ணைப் போட்டு அனுப்புவார். பொய் சொல்லணும்னு இல்ல, முடிக்கணும்னு. அப்படி ஏறின எண்தான் ஐரோப்பாவுல ஒருத்தர் ஸ்கேன் பண்ணும்போது உண்மையா தெரியும்.

நல்லது பண்றவங்களுக்கே இதுல நஷ்டம் வரலாம். கட்டிங் டேபிள்ல மிஞ்சற துண்டுத் துணியை, நம்ம ஊர் வேஸ்ட் வியாபாரிங்க கலர் வாரியா பிரிச்சு மில்லுக்கு அனுப்புவாங்க. கோவை, திருப்பூர் மாவட்டங்கள்ல இருக்கற ஓ.ஈ. மில்லுங்க அதைத் திரும்ப நூலாக்கறாங்க. சுழற்சிப் பொருளாதாரம்னு உலகம் பேசறதுக்கு ரொம்ப முன்னாடியே நடக்கற வேலை. ஆனா வேஸ்ட் எந்தக் கம்பெனியில இருந்து வந்ததுன்னு ரசீது இல்லைன்னா, பையரோட கணக்குல அது மறுசுழற்சியே கிடையாது. பேப்பர் இருக்கற பெரிய மில்லுக்கு கூடுதல் விலை கிடைக்கும், இவங்களுக்குக் கிடைக்காது.

இதுக்கு ஒரு வழி நம்ம ஊர்லயே இருக்கு. சின்ன சாயப்பட்டறை ஒவ்வொண்ணும் தனியா இசட்எல்டி கட்ட முடியாதுன்னுதான் பலர் சேர்ந்து பொது சுத்திகரிப்பு நிலையம் கட்டினாங்க. திருப்பூர்ல அப்படி 18 நிலையம் ஓடுது. தண்ணிக்குப் பண்ணதை ஏன் தகவலுக்குப் பண்ணக் கூடாது? சின்ன யூனிட்டுங்க சேர்ந்து ஒரு பொதுத் தகவல் மையம். ஒரே ஃபார்ம், தமிழ்ல, சலானை போன்ல படம் எடுத்து அனுப்பினா போதும்ங்கற அளவுக்கு எளிமையா. யாரோட தகவலை யாருக்குக் காட்டலாம்ங்கற முடிவு யூனிட்காரர் கையில. அப்போதான் ஜாப் வொர்க்கரை இழுத்துக்குவாங்கங்கற பயமும் குறையும்.

விலையும் பேசணும். இசட்எல்டி-யோட சாயம் போடறது, கழிவை ஆத்துல விடற ஊர்ல சாயம் போடறதை விட நிச்சயமா செலவு கூட. ஆனா பீஸுக்கு இத்தனை சென்ட்னு பேரம் பேசற மேஜையில அதுக்குத் தனி வரி இல்ல. பாஸ்போர்ட் வந்து, ரெண்டு டி-ஷர்ட்டுக்கும் இருக்கற வித்தியாசம் தெரிஞ்சு, அதுக்கு பையர் காசு கொடுத்தா திருப்பூர் 2011-ல பட்ட அடிக்கு ஒரு பலன் கிடைக்கும். காசு கொடுக்காம தகவல் மட்டும் கேட்டா, அந்தச் செலவும் கடைசியில அந்த நிட்டிங் யூனிட்காரர் தலையிலயும் தையல் கூலியிலயும்தான் விடியும்.

உங்கள்ல யாராவது மெர்ச்சன்டைசராவோ சாஃப்ட்வேர்லயோ இந்தத் துறைக்கு வேலைக்குப் போனா, எங்க கம்பெனி டிரேசபிலிட்டி பண்ணுதுன்னு சொல்றவங்ககிட்ட மூணு கேள்வி கேளுங்க. இந்த எண்ணை முதல்ல எழுதினது யாரு? அதைச் சரிபார்க்க வேற யார்கிட்ட கணக்கு இருக்கு? எழுதின ஆளுக்கு அந்த வேலைக்கு யார் காசு கொடுக்கறாங்க? மூணுக்கும் பதில் இருந்தா அந்தக் கோடை ஸ்கேன் பண்றதுல அர்த்தம் இருக்கு.

உங்க வீட்டுல பனியன் கம்பெனியிலயோ தறியிலயோ வேலை பார்க்கறவங்க இருந்தா, அவங்க சலான் எழுதற முறை எப்படி மாறியிருக்குன்னு கேட்டு எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.